லே

எங்கள் ஊரில் லே என்றால் ஆணை அழைப்பது.
வாலே, போலே, சும்மாயிருலே.
பெண்ணுக்கு ஏட்டிதான்,
தோளில் நான்கு பட்டை ஏறிய பிறகும்.

ஆரல்வாய்மொழி ரயில்வே கேட்டில்
பக்கத்து பைக்கில் ஞானசிகாமணி.
"ஏட்டி பெனிலா, இப்ப எங்க ஓட்டுதே?"
"லே" என்றேன்.
"மூத்தவன்னு பாக்காம லே போடுதியே!"
விளக்குவதற்குள்
கேட் திறந்துவிட்டது.

ஆடி மாதம்.
கணவாய்க்குள் நுழைந்த காற்று
ஸ்கூட்டரை வெள்ளைக்கோட்டை விட்டுத் தள்ளுகிறது.
என் இடது கால்
இல்லாத பெடல் ஒன்றைத் தேடி மிதிக்கிறது.

காற்றாலைத் தூணின் நிழலில்
தம்பி பிரைட்சன்
மரச்சீனியும் மீன்குழம்பும் தின்றுகொண்டிருக்கிறான்.
பெல்ட், கொக்கி, கயிறு எல்லாம் மாட்டியபடியே.
"ஏறலியா?"
"செகண்டுக்குப் பதினஞ்சு மீட்டர். பன்னெண்டுக்கு மேல
ஏறப்படாது."
மனதுக்குள் நாட்டாக மாற்றுகிறேன்: இருபத்தொன்பது.
எனக்குப் பத்து தாண்டினாலே போதும்,
நூற்றி அறுபது பேரோடு திரும்பிவிட.

செவ்வாய்க்கிழமை திரும்பினேன்.

அந்த ஊரில் தரையே பத்தாயிரம் அடிக்கு மேல்.
இறக்கையைத் தாங்கக் காற்று போதாது,
தள்ளக் காற்று தாராளம்.
இறங்குவது ஒரு திசையில்,
ஏறுவது வந்த வழியே.
மறுமுனையில் மலை நிற்கிறது,
நம் தாடகை மலைபோல் படுத்துக் கிடக்காமல்.
கிளம்பும் கணக்கு இன்னும் கறார்:
ஓர் எஞ்சின் செத்தாலும்
மற்றது எல்லாரையும் மலைமேல் தூக்கியாக வேண்டும்.
அதனால் சில நாள் பெட்டிகளை இறக்கி வைப்போம்.
எதற்குள் யாருடைய கல்யாணப் பட்டு
என்று கேட்பதில்லை.

அன்று தில்லியிலேயே நாற்பது நிமிடத் தாமதம்.
காலைக் காற்று
முற்பகல் காற்றாக மாறப் போதுமான நேரம்.
"பின்காற்று பதினான்கு" என்றது கோபுரம்.
துணைவிமானி ரித்திமா
என் முகத்தைப் பார்க்கவில்லை,
எரிபொருளைப் பார்த்தாள்.
பள்ளத்தாக்கு குறுகுமுன் ஓரிடம் உண்டு,
அங்கேயே சொல்லிவிட வேண்டும்.
அதைத் தாண்டினால்
சொல்ல வாயிருக்கும்,
திரும்ப இடமிருக்காது.

சொன்னேன்.

தில்லியில் எல்லாரும் முறைத்துக்கொண்டு இறங்க
கருங்கல்காரப் பட்டாளத்தான் ஒருவர் மட்டும்
ஏத்தங்காய் வத்தல் பொட்டலத்தோடு நின்றார்.
"மேடம் நம்ம நாட்டுக்காரிதானே? மைக்கில கேட்டப்பவே தெரிஞ்சுது.
இன்னைக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும்.
காத்துன்னு சொன்னா சுபேதார் நம்பமாட்டாரு."
எழுதிக் கொடுத்தேன்:
தேதி, நேரம், நாட் எண்ணிக்கை,
காரணம்: காற்று.
கையெழுத்து.
வத்தலில் பாதியை என் கையில் கொட்டிவிட்டுப் போனார்.

பிரைட்சன் கை கழுவி, பேரேட்டை விரிக்கிறான்.
காற்று பதினைந்து. ஏறவில்லை.
ஏறாத நாளுக்குப் பாதிக் கூலி.
தலைக்கு மேல் மூன்று இறக்கைகள்
யாரும் ஏறாமலே சுற்றி
யாருக்கோ முழுக்காசு சம்பாதிக்கின்றன.

"பயந்தியா?" என்கிறான்.
"பசிச்சுது."
நம்பாமல் பார்க்கிறான்.
பயம் பிறகுதான் வந்தது.
ஹோட்டலில், ஷவரைத் திறந்தபோது,
தண்ணீர் சத்தத்தில்.
அதை இவனிடம் சொல்லவில்லை.
தொண்ணூறு மீட்டர் உயரத்தில்
இவனுக்கு என்னவெல்லாம் வந்ததென்று
இவனும்தான் சொன்னதில்லை.

நாளை மறுநாள் மறுபடி அங்கேதான்.
வண்டியைக் கிளப்புகிறேன்.
முப்பந்தல் கோயிலருகே லாரிகள் நின்று
காசு போட்டுப் போகின்றன.
வளைவில் விலாவில் இடிப்பதுபோல் ஒரு வீச்சு.
"சும்மாயிருலே" என்கிறேன்
ஹெல்மெட்டுக்குள்.

அது சும்மாயிருக்கவில்லை.